தேரிக்கொடியும் பாறைக்கொடியும்

ஆறு கடலில் கலக்கும் இடத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் பொழிமுகம் என்பார்கள். மேலே பார்த்தால் சாதுவான தண்ணீர். அடியில் மணல் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று தோணி போன தடத்தில் இன்று முழங்கால் ஆழம்கூட இருக்காது. தோணி மணலில் தட்டி நின்றுவிட்டால் போதும், அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டுவிடும்.

பொழிமுகத்தின் தென்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. கடலிலிருந்து வரும் தோணிகளுக்குக் கொடி காட்டுவதுதான் அந்த மடத்தின் பூசை. வேறு பூசை கிடையாது.

கொடி காட்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கூன்பாறை. தண்ணீரை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிற பாறை அது. கரைப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு படி இருக்கும். அந்தப் படியில் நின்றால் மணல் எங்கே கிடக்கிறது, தடம் எங்கே ஓடுகிறது என்று தண்ணீரின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் கடலில் வருகிற தோணி தெரியாது. பாறையின் கூன் மறைத்துவிடும்.

இன்னொன்று தேரி. கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த சிவப்பு மணல்மேடு. அங்கே நின்றால் தோணி தெரியும். தோணிக்காரர்களுக்கும் தேரியில் நிற்பவரைத் தெரியும். தண்ணீரின் அடி மட்டும் தெரியாது.

ஆகவே பாறையில் நிற்பவர் தண்ணீரைப் பார்த்துத் தேரிக்குக் கொடி காட்டுவார். தேரியில் நிற்பவர் அதையே தோணிக்குக் காட்டுவார். கொடி வடக்கே நீண்டால் வடக்கே ஒதுங்கி வா என்று அர்த்தம். தெற்கே நீண்டால் தெற்கே. ஒருவர் கையிலிருக்கிற இரண்டு கொடிகளும் தலைக்கு மேல் குறுக்காக நின்றால், வராதே.

பாறையில் நின்றவன் பூதலிங்கம். ஒரு காலத்தில் ஊரில் துணிக்கடை வைத்திருந்தவன். பெண்டாட்டி போன பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தான். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். மடத்தில் மூத்த சீடன் அவன்தான்.

தேரியில் நின்ற பெரியவர் இறந்தபோது, அந்த இடம் தனக்குத்தான் வரும் என்று பூதலிங்கம் நினைத்திருந்தான். ஆனால் ஆசான் குழைக்காதர், புதிதாக வந்திருந்த ஆவுடையாளைக் கூப்பிட்டுத் தேரியில் நிற்கச் சொல்லிவிட்டார். அவள் உப்பளத்தில் வேலை பார்த்தவள். கூடப்பிறந்த தம்பியை இதே பொழிமுகத்தில் பறிகொடுத்தவள். பேச்சும் சிரிப்பும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ஆசான் பூதலிங்கத்தைவிட வயதில் இளையவர். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். மடத்துச் சமையலும் அவர்தான்.

"ஏன் ஆசானே?" என்று பூதலிங்கம் அன்றைக்குக் கேட்டான்.

"தேரிக்கு ஆள் இல்லை. பாறைக்கு நீர் இருக்கிறீர்."

பூதலிங்கம் பாறைக்குப் போய்விட்டான்.

அன்று தொடங்கியதுதான்.

தோணி ஒவ்வொன்றும் பத்திரமாக உள்ளே நுழையும்போது படகுக்காரர்கள் தேரியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். "ஆவுடையா! நல்லா இரு தாயி!" அந்தச் சத்தம் பாறைக்குப் பின்னால் நிற்கிற பூதலிங்கத்தின் காதில் விழும். அவள் பதிலுக்குக் கொடியை ஆட்டிச் சிரிப்பதும் கேட்கும்.

கருப்பட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். பனங்கிழங்கு, பலாப்பழம், ஒரு தடவை பட்டுக்கரை போட்ட சேலைகூட. அவள் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லாம் மடத்து அடுக்களைக்குத்தான் போகும். அந்தக் கருப்பட்டியைப் போட்டு ஆசான் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஊதி ஊதிக் குடிப்பார்கள். பூதலிங்கம் தன் பங்கைத் தள்ளி வைத்துவிடுவான்.

அவன் மனத்துக்குள் ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்ப்பது யார்? நான். தடம் எங்கே என்று சொல்வது யார்? நான். நான் தூக்கிய கையைப் பார்த்துத் தானும் கையைத் தூக்குகிறாள், அவ்வளவுதானே. கிளி சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. கிளிக்குப் பழம் கொடுக்கிறார்கள்.

ஒருநாள் ஆசான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போய் நின்றான்.

"ஆசானே, என் கொடியை யார் பார்க்கிறார்கள்?"

"ஆவுடையாள் பார்க்கிறாள்."

"அவள் ஒருத்திதானே?"

"போதவில்லையா?"

ஆசான் களைந்த தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வேறு என்ன வேண்டும்? சொல்லும்."

"என் கொடித் துணி வெளுத்துவிட்டது. அவளுடையது பளிச்சென்று இருக்கிறது."

ஆசான் உள்ளே போனார். பெட்டியிலிருந்து புதுச் சிவப்புத் துணியை எடுத்துவந்து, அங்கேயே உட்கார்ந்து கிழித்து மடித்து ஓரம் அடித்துக் கொடுத்தார். ஆவுடையாளின் கொடியைவிட நல்ல துணி. பூதலிங்கத்துக்கு அன்று மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆவுடையாள் சொன்னாள்: "அண்ணாச்சி, புதுக்கொடி தீ மாதிரி தெரியுது. கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்க வேண்டாம். இனி எனக்குக் கஷ்டமில்ல."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. புதுத்துணியின் நன்மையும் அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒருநாள், தோணிகள் வந்து ஒதுங்குகிற துறைக்குப் போனான். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சவரியடிமை என்கிற தோணிக்காரன் சுக்கானைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தக் கரையில் கைதேர்ந்த தோணிக்காரன் அவன்தான்.

"வாங்க சாமி. மடத்து ஆளா?"

"ஆமாம்."

"ஆவுடையாக்கா சௌக்கியமா? அவ கொடி நிக்கும்போது எனக்குக் கடல்னு ஒரு பயமே கிடையாது. வீட்டுக்குள்ள நடந்து வர்ற மாதிரி வந்துருவேன்."

"கொடி காட்டுவது அவள் மட்டும்தானா?"

"பின்ன வேற யாரு?" சவரியடிமை அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சாமி மடத்துல என்ன வேலை பாக்குறீங்க? சமையலா?"

பூதலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. "பாறையில் நிற்கிறேன்" என்றான்.

"பாறையிலயா? அங்க என்ன கெடக்கு?"

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. யாரோ ஒரு சாமியார் பாறையில் உட்கார்ந்து தவம் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் அவன் கையில் இரண்டு பனங்கிழங்கைக் கொடுத்து, "அக்காகிட்ட குடுத்துருங்க சாமி" என்றான்.

அந்தக் கிழங்கை அவன் வழியில் எறிந்துவிட்டான். எறிந்த பிறகு, எறிந்ததை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

பாறையின் கூன்மேல் ஏறி நின்றால் கடலில் வருகிறவர்களுக்குத் தன்னையும் தெரியுமே என்ற எண்ணம் அவனுக்கு எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வந்தது. உள்ளே உட்கார்ந்துகொண்டது. படியில் நின்று கொடி காட்டும்போதெல்லாம் தலைக்கு மேல் அந்த உச்சி இருப்பது தெரிந்தது. ஏறுவது கஷ்டமில்லை. பாசி கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான்.

ஒருமுறை ஏறி நின்றால் போதும். ஓகோ, பாறையிலும் ஒருத்தர் இருக்கிறாரே என்று கேட்பார்கள். அதற்குமேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் இன்னும் முழுசாக அடங்காத ஒரு காலைப்பொழுது. தேரியிலிருந்து ஆவுடையாள் கொடியை ஆட்டினாள். தோணி வருகிறது என்று அர்த்தம்.

பூதலிங்கம் தண்ணீரைப் பார்த்தான். தெற்கே மணல் நாக்கு நீட்டியிருந்தது. வடக்கே தடம் ஆழமாக, கருநீலமாக ஓடியது. சந்தேகமே இல்லை. கரையைப் பார்த்துத் திரும்பி வலக்கையை நீட்டினான். வடக்கு.

தேரியில் அவள் வடக்கே கொடி நீட்டினாள். பூசை முடிந்தது. வழக்கமாக அதற்குப் பிறகு தோணி உள்ளே வந்து சேரும்வரை அவன் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் கையை இறக்கினான். கொடிகளை இடுப்பில் செருகிக்கொண்டு பாறையைப் பற்றி ஏறினான்.

உச்சியில் ஏறி நிமிர்ந்தபோது கடல் முழுக்கக் கண்முன் விரிந்தது. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த கடல். தோணி கிட்டத்தில் வந்துவிட்டிருந்தது. உள்ளே பெண்கள், குழந்தைகள், மூட்டைகள். கடல்வழியே பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம். துடுப்புப் போடுகிறவர்கள் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுக்கானைப் பிடித்து நின்ற சவரியடிமை மட்டும் முகம் இந்தப் பக்கமாக இருந்தான்.

அவன் தன்னைப் பார்த்துவிட்டான் என்று பூதலிங்கத்துக்குத் தெரிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. கொடியை உருவி வலக்கையை ஓங்கி நீட்டினான்.

இத்தனை வருஷமாக அவன் கரையைப் பார்த்து நின்றே பழகியவன். அப்படி நின்றால் வடக்கு வலக்கைப் பக்கம். இப்போது கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தான். வலக்கை தெற்கே போயிருந்தது. பழகிய கை, பழகியபடியே நீண்டது.

தேரியில் ஒரு கொடி வடக்கே. பாறையில் ஒரு கொடி, தீ மாதிரி, தெற்கே.

"வடக்கே!" என்று சவரியடிமை கத்துவது கேட்டது. பிறகு, "இல்ல இல்ல, தெற்கே! தெற்கே வலிங்க!" பிறகு என்ன சொல்வதென்று தெரியாத ஒரு சத்தம். தோணி பாதி திரும்பி, அலைக்குப் பக்கவாட்டில் நின்றது.

அப்போதுதான் பூதலிங்கம் தன் கையைப் பார்த்தான்.

அலை அதற்குள் வந்துவிட்டது.

தேரியிலிருந்து ஆவுடையாள் ஓடினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் விழுந்து போனாள். இரண்டு பிள்ளைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். திரும்பப் போனாள். துறையிலிருந்த ஆண்களும் ஓடிவந்தார்கள். பூதலிங்கமும் எப்படி இறங்கினான் என்றே தெரியாமல் இறங்கிப்போய், ஒரு கிழவியின் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். உயிர் ஒன்றும் போகவில்லை. தோணி பிளந்துவிட்டது. புரண்ட தோணியின் விளிம்பு அடித்துச் சவரியடிமைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நினைவில்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஊரே மடத்துக்கு வந்தது.

"கொடியை மாத்தி மாத்திக் காட்டியிருக்கா! சவரி கத்துனதை நாங்க கேட்டோம். வடக்குன்னான், அப்புறம் தெற்குன்னான்" என்று துடுப்புப் போட்டவர்கள் சொன்னார்கள்.

"எத்தனை வருஷம் நம்புனோம் உன்னை!"

"தூங்கிட்டியா? இல்ல கண்ணு தெரியலையா? ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்குற?"

ஆவுடையாள் முற்றத்து நடுவில் நின்றாள். உரக்கப் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெண் அவள் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள். அப்போதும் பேசவில்லை.

அடுக்களை வாசலில் பூதலிங்கம் நின்றிருந்தான். ஆசான் அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் அவனைப் பார்க்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது ஆவுடையாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

"நீ என்னைப் பார்த்தாய் அல்லவா?" என்று பூதலிங்கம் மெல்லிய குரலில் கேட்டான். "உச்சியில்?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"எனக்கு இருந்த கோவத்துக்கு நானே உங்களை அடிச்சிருப்பேன், அண்ணாச்சி." செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பூதலிங்கம் முற்றத்துக்குப் போனான்.

"தப்பு அவள் செய்யவில்லை. நான் செய்தேன். பாறைமேல் ஏறித் தெற்கே காட்டியவன் நான்."

கூட்டம் அவனைப் பார்த்தது.

"நீங்க யாரு?" என்றார் ஒருவர்.

"பாறையில் கொடி காட்டுகிறவன். தினமும் தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறவன் நான்தான். நான் காட்டுவதைத்தான் அவள் காட்டுவாள்."

துறையில் அவனுக்குக் கிழங்கு கொடுத்த ஆள் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தான்.

"சாமி, நாங்க இந்தப் பொழியில பொறந்து வளந்தவங்க. பாறையில கொடியை நாங்க ஒருநாளும் பாத்ததில்ல. அந்தப் பொம்பளையைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கிறீங்க. அது எங்களுக்குத் தெரியாம இல்ல."

"இல்லை, உண்மையாகவே..."

"பெரிய மனசு" என்றாள் மண்ணைத் தூற்றிய பெண். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க அத்தையை முடியைப் பிடிச்சு இழுத்துக் கரை சேத்ததும் இவருதான். இப்படியும் ஒரு மனுசன்!"

அவன் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். போகும்போது ஆவுடையாளை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினானோ அது கிடைத்துவிட்டது. கொதிக்கிற கஞ்சியை உள்ளங்கையில் வாங்கியது போலிருந்தது.

அவன் ஆசானிடம் போனான்.

"நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

ஆசான் கீரைத் தண்டை ஒடித்தார்.

"அவளுக்குப் போகிற பேரை உம் பக்கம் திருப்ப எத்தனை வழி யோசித்தீர்?"

பூதலிங்கம் தலைகுனிந்தான்.

"பழியைத் திருப்பவும் ஒரு வழி யோசியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்.

பூதலிங்கம் இடுப்பில் கொடிகளைச் செருகிக்கொண்டு சவரியடிமையின் வீட்டுக்கு நடந்தான். சவரியடிமைக்கு நினைவு திரும்பியிருந்தது. தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, முட்டைப் பற்றுப் போட்டிருந்தார்கள். முற்றத்து வேம்பின் நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். பெண்சாதி அவனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமி வந்திருக்கு" என்றாள் அவள் மரியாதையாக.

சவரியடிமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களாச்சும் நம்புங்க சாமி. பாறை உச்சியில ஓர் ஆள் நின்னான். செவப்புக் கொடி. தெற்கே காட்டுனான். சொன்னா எல்லாரும் என்னையே ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. மண்டையில அடிபட்டிருக்கு, பேய் பிசாசைப் பாத்திருப்பேங்கிறாங்க. இவளே நம்பல. எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு."

பூதலிங்கம் முற்றத்தின் மறுகோடிக்குப் போனான். திரும்பி நின்றான். கொடியை உருவி, பாறைமேல் நீட்டியது போலவே வலக்கையை ஓங்கி நீட்டினான்.

சவரியடிமையின் வாயிலிருந்து கஞ்சி வழிந்தது. நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வெகுநேரம் அந்தக் கொடியையே பார்த்தான்.

"பாத்தியா?" என்று பெண்சாதியிடம் சொன்னான். குரல் உடைந்தது. "நான் பாத்தது பொய்யில்ல. பாத்தியா?"

பிறகு பூதலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத் துறையில் வந்து நின்ற ஆள் என்று இப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

"எதுக்குய்யா அங்க ஏறுனே?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. தோணிக்கு இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று ஏறினேன் எனலாம். அது வாய்வரைக்கும் வந்தது.

"உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று" என்றான் பூதலிங்கம்.

சவரியடிமை கட்டிலில் சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"பட்டுட்டே. போ."

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சவரியடிமையின் மைத்துனன் வழியில் மறித்துப் பூதலிங்கத்தைக் கன்னத்தில் அறைந்தான். கொடிக்கம்புகளைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். பூதலிங்கம் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

மறுபடியும் ஊர் மடத்துக்கு வந்தது. இந்தத் தடவை ஆவுடையாளைப் பார்க்கவே கூச்சப்பட்டது. மண்ணைத் தூற்றிய பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்த ஆள் இனிமே பாறையில நிக்கக் கூடாது" என்றார்கள் ஆசானிடம்.

"அதை என்னிடம் கேட்காதீர்கள். அவர் கொடியைத் தினமும் பார்க்கிறவள் ஆவுடையாள். அவளைக் கேளுங்கள்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பூதலிங்கமும் பார்த்தான். அவள் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. அவளை வெறுக்க அது ஒரு காரணமாக இருக்கும்.

ஆவுடையாள் ஊரைப் பார்த்துச் சொன்னாள்:

"தண்ணியைப் பாத்துச் சொல்றதுல இவரு கண்ணு ஒருநாளும் தப்புனதில்ல. இத்தனை வருஷம் உங்க தோணியெல்லாம் வந்தது இந்தக் கண்ணாலதான். அன்னைக்கும் மொதல்ல சரியாத்தான் சொன்னாரு. அண்ணாச்சியே நிக்கட்டும்." பிறகு அவனிடம் திரும்பினாள். அவள் குரல் உயர்ந்தது. "ஆனா இனி உச்சிக்கு ஏறுனீங்கன்னா, தேரியில இருந்தே கல்லை விட்டு எறிவேன். சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். ஊர் அரைமனசோடு கலைந்தது.

பூதலிங்கம் புதுக்கம்பு வெட்டிச் செருகிக்கொண்டு மறுபடி படியில் நின்றான். சவரியடிமைக்குத் தோள் கூடுகிறவரை பொழுது சாயும் வேளைகளில் அவன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான், விறகு பிளந்து போட்டான். சவரியடிமை அவனோடு பேசுவதில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புதுத்தோணி கட்டி முடிந்து, சவரியடிமை முதன்முதலாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போய்த் திரும்பிய நாள் வந்தது. துறையில் மேளம் கொட்டினார்கள். பூதலிங்கம் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தான். தடம் வடக்கே. கரையைப் பார்த்துக் கையை நீட்டினான். தோணி உள்ளே வந்து சேரும்வரை கையை இறக்கவில்லை.

"ஆவுடையாக்கா!" என்று சவரியடிமையின் குரல் பாறைக்கு அப்பாலிருந்து கேட்டது. எல்லாக் குரல்களும் சேர்ந்துகொண்டன. "ஆவுடையா! நல்லா இரு தாயி!" அவளுக்கு மாலை போட்டார்கள் போலிருக்கிறது. அவள் சிரிப்பு பாறையில் மோதித் திரும்பியது.

அவனை யாரும் கூப்பிடவில்லை.

பூதலிங்கம் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு நேரே அடுக்களைக்கு வந்தான். ஆசான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, இன்னும் எரிகிறது."

"எங்கே?"

"வயிற்றில். எல்லாம் தெரிந்த பிறகும் எரிகிறது. அவள் எனக்கு இவ்வளவு செய்த பிறகும் எரிகிறது. அவள் செய்தாள் என்பதாலேயே இன்னும் எரிகிறது." அவன் கொடிகளை ஆசானின் முன்னால் வைத்தான். "இது அடங்குகிற வரைக்கும் நான் இவற்றைத் தொடக்கூடாது."

ஆசான் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்று காலையில் என்ன காட்டினீர்?"

"வடக்கு."

"தடம் எங்கே ஓடியது?"

"வடக்கே."

"அப்போது எரிந்ததா?"

"எரிந்தது."

ஆசான் கொடிகளை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"தேரியிலிருந்து பார்த்தால் அவளுக்கு உம்முடைய வயிறு தெரியாது. கைதான் தெரியும்."